குழிப்பாறையை மூடிய வெயிலம்மாள்

வெயிலம்மாளுக்குத் தான் செய்வது தப்பாகப் போகலாம் என்ற எண்ணமே கிடையாது. பிறவிக் குணம். பசுவந்தனையிலிருந்து வாக்கப்பட்டு வந்த அன்றைக்கு மலையடிவாரத்தில் வண்டி நின்றுவிட்டது. "இதுக்கு மேல ஏறாது, எறங்கி நடங்க" என்றான் வண்டிக்காரன். அவள் இறங்கினாள். ஆனால் நடக்கவில்லை. மாட்டின் மூக்கணாங்கயிற்றைத் தானே பிடித்து, மாலையும் கழுத்துமாக, ஓடைக்கரை வழியே வண்டியை மேலே ஏற்றிக்கொண்டு வந்து ஊருக்குள் நிறுத்தினாள். மாப்பிள்ளை தவசி பின்னால் நடந்து வந்தான். அதற்குப் பிறகு அவர்கள் குடும்பம் ஏறக்குறைய அந்த வரிசையிலேயே நடந்தது.

ஊர் பெயர் குருவிப்பொடவு. பொடவு என்றால் மலைக்குகை; ஊருக்கு மேலே அப்படி ஒன்று இருந்தது. கடம்பூர்ப் பக்கத்துக் கரிசலில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டுகிற மட்டும் கறுத்த மண்ணும் பருத்தியும்தான். நிழலுக்கு ஒதுங்க ஓர் உடைமரம் கிடைத்தால் பெரிய காரியம். அப்படிப்பட்ட பூமியில் இரண்டு குன்றுகள் முழங்கால் மடக்கி உட்கார்ந்தது போல ஓர் இடம். அந்த மடக்குக்குள் நுழைந்துவிட்டால் காற்றே வேறு. பாறையிடுக்கில் இச்சி மரம் வேர் இறங்கித் தொங்கும். சித்திரையிலும் ஊற்றில் தண்ணீர் கசியும். ஐப்பசி மழைக்கு மேல்பாறையிலிருந்து வெள்ளிக்கம்பி மாதிரி ஓர் அருவி விழும். இதையெல்லாம் பார்த்து ஆகா என்று சொல்ல அங்கே ஆள் கிடையாது. இருந்த பத்துப் பதினைந்து வீட்டுக்காரர்களும் விடிந்ததும் கீழே கரிசல்காட்டுக்கு இறங்கிவிடுவார்கள், பொழுதடைய ஏறி வருவார்கள். கரிசலில் பருத்தி விளையும், கம்பு விளையும், வீடு நிற்காது. மழைக்குக் குழைந்து, வெயிலுக்குப் பிளந்து, சுவரைத் தின்றுவிடும். அதனால் பிழைப்பு கீழே, குடியிருப்பு மேலே.

அந்த ஊரில் எந்த வீட்டிலும் உரல் கிடையாது. வீட்டுக்குள் உரல் கிடந்தால் குடும்பம் பிரியும் என்று ஒரு நம்பிக்கை. எவர் கிளப்பிவிட்டதோ, எல்லாரும் நம்பினார்கள். ஊற்றுக்குப் பக்கத்தில் யானை படுத்தது போல ஒரு பாறை. அதன் பெயர் குழிப்பாறை. புதுப் பெண்டாட்டி வந்தால் மாப்பிள்ளை தன் கையாலேயே உளி பிடித்து அந்தப் பாறையில் அவளுக்கு ஓர் உரல்குழி வெட்டித் தர வேண்டும். வெட்டி முடிக்கிற வரைக்கும் அவள் மாமியார் குழியில் இரவல் இடி இடிக்க வேண்டும், மாமியார் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டு. மாப்பிள்ளைமார் சீக்கிரம் வெட்டி முடிப்பதற்கு இதைவிடப் பெரிய தூண்டுதல் தேவையில்லை. ஒருத்தி செத்துப்போனால் கருமாதியன்று அவள் குழி நிறையக் கம்பு கொட்டிவைப்பார்கள். குருவிகள் வந்து தின்னும். அதோடு சரி, அந்தக் குழியில் வேறு எவளும் உலக்கை போடக் கூடாது.

தவசி வெட்டிய குழி பாறையின் ஓரத்தில், ஊற்றைப் பார்த்தாற்போல் இருந்தது. தவசி பேச்சில் கஞ்சன். கல்யாணமான கோடை முழுக்க, காட்டு வேலை முடிந்து வந்து, கை கொப்புளித்துப் போகிற மட்டும் உளி அடித்தான். வெட்டி முடித்த அன்று, "போய்ப் பாரு" என்றான். அவ்வளவுதான். அவள் போய்ப் பார்த்தாள். உள்பக்கம் கன்னம் மாதிரி வழுவழுவென்று இருந்தது. வெயிலம்மாள் வாய் திறந்து பாராட்டிவிடவில்லை. ஆனால் தன் குழியில் மற்றவர்கள் கால் பட்டால்கூடச் சண்டைக்குப் போனாள்.

ஐம்பத்தைந்தாம் வருடப் புயல்மழையில்தான் ஊரில் அவள் கை ஓங்கியது. நண்பகலில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவள் ஓடைத் தண்ணீர் நிறம் மாறியதைப் பார்த்துவிட்டு ஊரைக் கூட்டினாள். "பிள்ளைகளையும் ஆடுகளையும் தூக்கிக்கிட்டுப் பொடவுக்கு ஏறுங்க. இப்பமே ஏறுங்க." ஊர்ப் பெரியவர் பெருமாள்சாமி, நல்ல மனிதர், ஆனால் எதையும் நாலு தரம் யோசிக்கிறவர், "மழை நின்னு வெறிச்சிரும் போலுக்கே" என்றார். அவரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். எல்லாரும் மேலே ஏறி மூச்சு வாங்குவதற்குள் ஓடை பொத்துக்கொண்டது. வீடுகள் ஒன்றுவிடாமல் மண்ணாய்ப் போயின. உயிர் ஒன்றுகூடப் போகவில்லை. தண்ணீர் வடிந்ததும் அதே இடத்தில் புதுச் சுவர் எழுப்பி, புதுக் கூரை போட்டுக்கொண்டார்கள்.

அதிலிருந்து வெயிலம்மாள் சொன்னால் சரியாக இருக்கும் என்பது ஊருக்குப் பழகிவிட்டது. அவளுக்கும் பழகிவிட்டது. வினையே அங்கேதான்.

நாலு வருடம் கழித்து, வைகாசியில், முத்து முகம்மது ஒரு சேதி கொண்டுவந்தார். கடம்பூரில் கடை வைத்திருந்தவர். மாதம் ஒரு தடவை மலைத்தேனும் புளியும் வாங்க மேலே வருவார். ஊருக்கு வெளியுலகம் என்பது அநேகமாக அவர்தான்.

"சமீனைச் சர்க்காரு எடுத்துக்கிட்டுல்லா? இப்பம் ஒவ்வொரு ஊரா அளந்துக்கிட்டு வாராவ," என்றார் அவர். "மனுசன் தலமொறையாக் குடியிருக்குத எடம்னா நத்தம்னு எழுதுவாவ. இல்லன்னா மலைக்காடு. காடுன்னு எழுதிட்டாவன்னு வைங்க, அங்கன குடியிருக்க ஏலாது. எறங்கிர வேண்டியதுதான். அடுத்த வாரம் இங்கனயும் ஆபீசர் வாராராம்."

"எறங்கி எங்கன போவ அண்ணாச்சி?" என்றாள் வெயிலம்மாள்.

"அதை அவிய சொல்ல மாட்டாவ தாயி."

அன்று சாயங்காலம் ஊர் கூடியது. குருவிப்பொடவை விட்டு இறங்குவது என்பதை ஒருவராலும் வாய்விட்டுச் சொல்லக்கூட முடியவில்லை. ஆளாளுக்கு ஒன்று பேசினார்கள். பெருமாள்சாமி ஆபீசருக்கு இளநீர் கொடுக்கலாமா, பதநீர் கொடுக்கலாமா என்று ஆரம்பித்தார். வெயிலம்மாள் எழுந்து நின்றாள்.

"இளநியெல்லாம் கெடக்கட்டும் சித்தப்பா. குழிப்பாறைய நெனச்சீகளா? போன கோடையில பக்கத்து மலையில கெணத்துக்குக் கல்லு ஒடச்சவுகளச் சர்க்காரு பாறையில கைவச்சாகன்னு வண்டியில ஏத்திக்கிட்டுப் போனாகளா இல்லையா? ரெண்டு கல்லு ஒடச்சதுக்கே அந்தக் கதின்னா, நம்ம ஒரு பாறை பூராக் குழியா வெட்டி வச்சிருக்கோம். வாரவன் பாத்தான்னா ஊரையே ஏத்திக்கிட்டுப் போவான். குழி அம்புட்டையும் மூடணும்."

அவள் சொன்னதில் நியாயம் இருப்பது போலத்தான் இருந்தது. தப்பான யோசனைகளுக்கு எப்போதும் நல்ல நியாயம் கிடைத்துவிடுகிறது.

தவசி மட்டும் பின்வரிசையிலிருந்து, "மூடாண்டாம்" என்றான்.

"ஏன்?"

அவனுக்கு ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. "என்னமோ மாதிரி இருக்கு."

"என்னமோ மாதிரி இருக்கதெல்லாம் ஜெயிலுக்குள்ள போய்ச் சொல்லிக்கிடும்" என்றாள் அவள். ஊர் சிரித்தது. தவசி தலையைக் குனிந்துகொண்டான்.

மறுநாளே வேலை நடந்தது. பெண்கள் கூடை கூடையாகச் சரள்மண் சுமந்து வந்து குழிகளை நிரப்பி, தண்ணீர் தெளித்து, காலால் மிதித்து இறுக்கினார்கள். மேலே காய்ந்த செடிக்கட்டான பருத்திமாரை அடுக்கி விறகுப் படப்பு மாதிரி ஆக்கினார்கள். புதிதாக வந்த மருமகள் ஆவுடைத்தாய்க்கு அவள் புருசன் பாதி வெட்டியிருந்த குழியும் அதில் போயிற்று. அந்தப் பெண் ஓரமாக நின்று மூக்கைச் சிந்தினாள். "ஏட்டி, குழியா பெருசு, குடியிருப்பா பெருசு?" என்று அதட்டினாள் வெயிலம்மாள். தன் குழியைத் தானே மூடினாள். மற்றவர்களுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று அதை எல்லாவற்றையும்விட அழுத்தி மிதித்தாள்.

ஆபீசர் வருகிறவரை ஊரில் இடி இல்லை. முழுச் சோளத்தை வேகவைத்துத் தின்றார்கள். ஆண்கள் வயிற்றைத் தடவிக்கொண்டு அலைந்தார்கள்.

செட்டில்மெண்ட் ஆபீசர் நந்தகோபால் வடக்கத்தி ஊர்க்காரர். ஜீப்பை அடிவாரத்தில் விட்டுவிட்டு, அளவுக்காரரையும் அளவுச் சங்கிலி தூக்கும் ஆட்களையும் கூட்டிக்கொண்டு நடந்தே ஏறி வந்தார். வேர்த்துக் கொட்டினாலும் முகத்தில் சிடுசிடுப்பு இல்லை. ஊற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "தேவலோகமா இருக்கே" என்றார். பிறகு ஒவ்வொரு வீடாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது.

"எத்தனை காலமா இருக்கீங்க?"

"பாட்டன் பூட்டன் காலமா இருக்கோம் எசமான்" என்றார் பெருமாள்சாமி.

"எல்லா இடத்திலயும் இதைத்தான் சொல்றாங்க. சுவரெல்லாம் புதுசா இருக்கே?"

"ஐம்பத்தஞ்சு மழையில வீடெல்லாம் போயிட்டு எசமான். பொறவு கட்டினது."

"ஜமீனுக்குத் தீர்வை கட்டின ரசீது?"

"வருசத்துக்கு ஒரு கெடா புடிச்சிக்கிட்டுப் போவாவ. ரசீது தர மாட்டாவ."

"கோயில்?"

வேப்பமரத்தடியில் நட்டிருந்த கல்லைக் காட்டினார்கள். அதை நேற்றுக்கூட நட்டிருக்கலாம். ஆபீசர் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றார். சுவரில் உலக்கை சாத்தியிருந்தது. அடுத்த வீட்டிலும் உலக்கை. அதற்கடுத்த வீட்டிலும்.

"எல்லா வீட்டிலயும் உலக்கை இருக்கு. உரல் எங்கேய்யா?"

பெருமாள்சாமி திரும்பி வெயிலம்மாளைப் பார்த்தார். ஊரே அவளைப் பார்த்தது.

"ஒரு வீட்டிலகூட உரல் இல்லையே. தலைமுறை தலைமுறையா இருக்கிறவங்க எதில இடிச்சுத் தின்னீங்க?" ஆபீசர் குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஜமீன் நிலம் கைமாறுதுன்னு தெரிஞ்சு ராவோட ராவா வந்து குடிசை போட்டுக்கிறவங்களை நான் பல இடத்தில பார்த்துட்டேன். உலக்கையைத் தூக்கிட்டு வரலாம். உரலைத் தூக்கிட்டு இந்த மலை ஏற முடியாது, இல்லையா?" அளவுக்காரரைப் பார்த்துக் கையசைத்தார். "வாங்க, போகலாம். காடுன்னே போட்டுரலாம்."

அவர் திரும்பி நடந்தார். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. திறந்தால் குழியைச் சொல்ல வேண்டும், சொன்னால் ஜெயில். சொல்லாவிட்டால் ஊர் போகும். தன் வாழ்நாளில் முதல்தடவையாக வெயிலம்மாளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஊரைக் காப்பாற்றுகிறேன் என்று ஊரின் ஒரே சாட்சியத்தைத் தானே புதைத்துவிட்டோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வெட்கம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

ஓடிப்போய் அவர் முன்னால் நின்றாள்.

"எசமான், நில்லுங்க. இங்கன ஒரு குத்தம் நடந்திருக்கு. மறச்சது நாந்தான். ஊருக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. ஜெயிலுன்னா நான் ஒருத்தி வாரேன். வந்து பாத்துட்டுப் போங்க."

பதிலுக்குக் காத்திராமல் குழிப்பாறையைப் பார்த்து நடந்தாள். ஆபீசர் என்ன நினைத்தாரோ, பின்னால் போனார். வெயிலம்மாள் பருத்திமாரை வெறுங்கையால் அள்ளி அள்ளி எறிந்தாள். முழங்கை முழுக்கக் கீறிக்கொண்டது. உட்கார்ந்து மண்ணைத் தோண்டினாள். கைக்கு எட்டிய ஒரு குழி வாய் திறந்தது. முதலில் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தது ஆவுடைத்தாய்தான். பிறகு ஒவ்வொருத்தியாக வந்து அவரவர் குழி முன்னால் குந்தித் தோண்டினார்கள். உயிரோடு இருப்பவர்களின் குழிகள் திறந்த பிறகு செத்தவர்களின் குழிகளைத் திறந்தார்கள். பாறை முழுக்கக் கண் விழித்துக்கொண்டது போல் ஆகிவிட்டது.

ஆபீசருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பாறை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இது யாரோடது?"

"எங்க மாமியாரோடது."

"இது?"

"அவுக மாமியா. கண்ணு தெரியாது. தடவித் தடவி வந்து இடிப்பாகளாம்."

நடுப்பாறையில் ஒரு குழி கிணறு மாதிரி இறங்கியிருந்தது. ஆபீசர் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு உள்ளே கையை விட்டார். தோள் வரைக்கும் போயிற்று.

"இது?"

"தெரியாது எசமான்," என்றாள் வெயிலம்மாள். "பேரு தெரிஞ்சதெல்லாம் அந்த ஓரத்துல. இங்கன நடுவுல இருக்கவுக பேரு எங்கள்ல யாருக்கும் தெரியாது. ஆனா இங்கன குந்தி அவ கம்பு இடிச்சிருக்கா. இல்லன்னா இது தானாவா தேஞ்சிச்சி?"

அவர் கையை வெளியே எடுக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. எடுத்துவிட்டுக் கேட்டார்: "இதுக்காம்மா ஜெயிலுன்னு பயந்தீங்க?"

"சர்க்காரு பாறைல்லா எசமான்."

அவர் சிரித்துவிட்டார். ஏளனச் சிரிப்பு இல்லை. அளவுக்காரரைக் கூப்பிட்டு, "நத்தம்னு எழுதும்" என்றார். ஊர் அப்போதும் நம்பாமல் நின்றது. பெருமாள்சாமி இரண்டாம் தரம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பெண்கள் குலவை போட்டார்கள்.

சங்கிலி இழுக்கத் தொடங்கினார்கள். முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரைக்கும் போய், ஊற்றுப் பக்கம் திரும்பி, பாறைக்கு இந்தப்புறமாகவே முளையடிக்கப் போனார் அளவுக்காரர். கொஞ்ச நேரத்துக்கு முன் நடுங்கிக்கொண்டிருந்தவள் வெயிலம்மாள்தான் என்று சொன்னால் நம்ப முடியாது. நேராகப் போய் முளை அடிக்கிற இடத்தில் நின்றுகொண்டாள்.

"பாறைய ஏன் வெளிய போடுதீங்க?"

"வீடு இருக்கிற இடந்தாம்மா நத்தம். பாறை புறம்போக்கு. அது சர்க்காருக்கு."

"அப்பம் வீட்டை வெளிய போடுங்க. பாறைய உள்ள போடுங்க."

அளவுக்காரர் ஆபீசரைப் பார்த்தார். ஆபீசர் அவளைப் பார்த்தார். "என்னம்மா சொல்றே?"

"வீடு என்ன எசமான், மண்ணு. நாலு வருசத்துக்கு முன்ன தண்ணியோட போயிட்டு, நாங்க போகலியே. கட்டிக்கிட்டோம். இன்னொரு மழைக்குப் போனாலும் கட்டிக்கிடுவோம். நாளைக்கு வேற ஒரு ஆபீசரு வந்து, எம்புட்டுக் காலமா இருக்கீகன்னு கேப்பாரு. நாங்க எதைக் காட்ட? நீங்களே வீட்டைப் பாத்துக் காடுன்னுட்டீக. இதைப் பாத்துத்தான ஊருன்னீக?"

நந்தகோபால் பாறையைத் திரும்பிப் பார்த்தார். தொப்பியைத் தலையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். சட்டத்தில் அதற்கு இடம் இருந்ததோ இல்லையோ, "சங்கிலியை அந்தப்புறமாக் கொண்டுபோங்கய்யா" என்றார்.

சங்கிலி பாறையைச் சுற்றிப் போயிற்று. ஒரு முனையை ஆட்களிடமிருந்து பிடுங்கி வெயிலம்மாளே பிடித்துக்கொண்டாள். தொய்வில்லாமல் இழுத்துப் பிடிக்கச் சொல்லி அளவுக்காரரையே விரட்டினாள்.

ஜீப் போன பிறகு ஊருக்குத் தலைகால் புரியவில்லை. பசி வேறு. பெண்கள் உலக்கையைத் தூக்கிக்கொண்டு பாறைக்கு ஓடினார்கள். குழியைக் கழுவக் கழுவ மண் வந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு இடித்த கம்பிலும், அதற்கப்புறம் பல நாள் இடித்த கம்பிலும் மண் நறநறத்தது. "ஏத்தா, ஓம்புண்ணியத்துல பல்லு போச்சு" என்று ஆண்கள் அவளைக் கேலி செய்தார்கள். வெயிலம்மாள் ஒருத்தருக்கும் பதில் சொல்லவில்லை. அது அந்த ஊரில் அதுவரை நடக்காத அதிசயம்.

பாறை முழுக்கத் திறந்தும் அவள் குழி மட்டும் கடைசி வரை திறக்கவில்லை. அப்படி மிதித்து இறுக்கியிருந்தாள். நகம் பிய்ந்ததுதான் மிச்சம். தவசி உளியோடு வந்து அவளைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, குழியின் பக்கவாட்டில் கீறல் விழாமல், மண்ணை மட்டும் கட்டி கட்டியாகப் பெயர்த்தான்.

"நீரு மூடாண்டாம்னீரு" என்றாள் வெயிலம்மாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "நான் கேக்கல. ஊரு முன்னால வச்சுச் சிரிக்கவும் வச்சிட்டேன்."

தவசி கடைசிக் கட்டி மண்ணை எடுத்து வெளியே போட்டான். உள்ளங்கையால் குழியைச் சுற்றித் தடவிப் பார்த்தான்.

"நீ கேட்டிருந்தேன்னா, அந்த ஐயா மேலாப்பல பாத்துட்டு வீட்டை மட்டும் அளந்துட்டுப் போயிருப்பாவ," என்றான். "பாறை வெளியதான் கெடந்திருக்கும். நமக்கும் உள்ள போடச் சொல்லத் தோணியிருக்காது."

கல்யாணமான நாளிலிருந்து அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. வெயிலம்மாள் முந்தானையை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, உலக்கையை எடுத்துவரச் சொல்லி அவனையே வீட்டுக்கு அனுப்பினாள்.